எங்க ஊர் கிளை நூலகம்: ஒரு பழைய மெம்பரோட ரிவ்யூ

பரோட்டா கடைக்கு எழுதுறாங்க, செல்போன் கவருக்கு எழுதுறாங்க, சலூனுக்குக்கூட ஸ்டார் போடுறாங்க, ஆனா அரசாங்க நூலகத்துக்கு யாரும் உக்காந்து ரிவ்யூ எழுதி நான் பாத்ததில்ல. மேப்ல எங்க ஊர் நூலகத்தத் தட்டிப் பாத்தா ஒருத்தர் "நைஸ்"னு போட்டுருக்காரு, இன்னொருத்தர் "எப்பப் பாத்தாலும் பூட்டிக் கெடக்கு"ன்னு ஒத்த ஸ்டார் குடுத்துட்டுப் போயிட்டாரு. அவரு வெள்ளிக்கிழமை போயிருப்பாருன்னு நெனைக்கிறேன். கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு, ஞாயித்துக்கிழமை தொறந்திருக்கும், இது தெரியாமலே பாதிப் பேரு லைப்ரரிய மூடிட்டாங்கன்னு முடிவு கட்டிடுறாங்க.

ஊர் பேர் போட மாட்டேன். கொஞ்சம் கொறையும் சொல்லப்போறேன், அங்க வேலை பாக்குறது ஒரே ஒரு ஆளு, அவுகளுக்கு என்னால ஒரு தொந்தரவு வரக்கூடாது. ராம்நாட்டுலருந்து மண்டபம் போற ரோட்டுல, ஒரு பக்கம் ரயில் தண்டவாளம், இன்னொரு பக்கம் கொஞ்சம் நடந்தா கடல், அப்படி ஒரு மீன்பிடிக்கிற ஊருன்னு வச்சுக்கங்க போதும். நான் ஆறாப்புல மெம்பர் ஆனேன், இப்ப காலேஜ் ரெண்டாம் வருசம் பி.காம். அதனால இது ஒருநாள் போயி பாத்துட்டு எழுதுற ரிவ்யூ இல்ல.

மொதல்ல கட்டடம். வெளிச்சுவருல எப்பவும் யாராவது வலை காயப்போட்டுருப்பாங்க, கேட்டா "சாயங்காலம் எடுத்துருவோம்"னு சொல்லுவாங்க, எந்தச் சாயங்காலம்னு சொல்ல மாட்டாங்க. உள்ள ரெண்டு ரூம்பு. உப்புக்காத்து ஸ்டீல் ரேக்கையே தின்னு வச்சிருக்கு, காலுப்பக்கம் துரு செதில் செதிலா உரிஞ்சு கெடக்கும், அப்புறம் புத்தகத்த எங்க விட்டுவைக்கும்? பழைய புத்தகத்துல பின் அடிச்ச எடத்துலருந்து துரு கசிஞ்சு, முன்னப்பின்ன நாலஞ்சு பக்கத்துக்கு ஒரே எடத்துல பழுப்பா ஒரு வட்டம் எறங்கியிருக்கும். அந்த மாதிரி புத்தகத்த நடுவுல வெடுக்குன்னு விரிச்சா பக்கம் கையோட வந்துரும், ரெண்டு கையாலயும் அட்டையத் தாங்கிப் பிடிச்சு மெதுவா விரிக்கணும். ஐப்பசி கார்த்திகைல அட்டையெல்லாம் நமத்துப் போயி வளைஞ்சுக்கும். அந்த டயத்துல நூலகர் அக்கா வெயில் அடிச்ச அன்னைக்கு ஜன்னல் ஓரமா புத்தகத்த நிப்பாட்டி வைப்பாங்க, யாரும் அவுகள அப்படிச் செய்யச் சொல்லல.

சர்வீஸ் பத்திச் சொல்லணும்னா அந்த அக்கா பத்தித்தான் சொல்லணும். கதவத் தொறக்குறது, கூட்டுறது, பேப்பர எடுத்துப் பிரிச்சுப் போடுறது, சீல் குத்துறது, புதுப் புத்தகம் வந்தா நம்பர் எழுதி ஒட்டுறது, எல்லாமே அவுகதான். உள்ள போனதும் "வா தாயி, நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு போ"ன்னு ஒரு வார்த்தை, அதுக்கப்புறம் நம்ம பக்கமே திரும்ப மாட்டாங்க. இதத்தான் நான் அஞ்சு ஸ்டார் சர்வீஸ்னு சொல்லுவேன். நான் என்ன எடுக்குறேன், ஏன் எடுக்குறேன், இது உன் வயசுக்கு ஒத்து வருமா, ஒரு கேள்வி கெடையாது. வீட்டுல ஒரு கதைப் புத்தகத்தோட உக்காந்தா அம்மா "வேலவெட்டி இல்லையா"ம்பாங்க, அப்பா "பாடப் புத்தகமா அது"ம்பாரு, பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பாத்து "என்ன புள்ள, பரிச்சையா"ம்பாங்க. படிக்கிறதுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லாத ஒரே எடமா எனக்கு இது இருந்துச்சு.

இப்ப உள்ள இருக்குற டேபிள் பத்தி. இது கொஞ்சம் விளக்கமா எழுதணும், ஏன்னா இந்த நூலகத்துல நம்ம வயசு ஏற ஏற எடம் மாறிக்கிட்டே போகும், யாரும் சொல்லாமலே மாறும். சின்னப்புள்ளைல வாசலுக்குப் பக்கத்துல பாய் விரிச்ச எடம், படக்கதை, தெனாலிராமன், பீர்பால் எல்லாம் அங்க. அந்தப் பாயில உக்காந்தா கால் நீட்டுறப்ப ஒருநாள் ரேக்கு இடிக்கும், அன்னைக்கோட அந்த எடம் முடிஞ்சது. அடுத்தது நடுவுல பேப்பர் டேபிள், நீளமா பெஞ்சு போட்டது, அது ஆம்பளைங்க எடம், பொம்பளப் புள்ளைங்க நின்னுக்கிட்டே தலைப்பு மட்டும் பாத்துட்டு நகர்ந்துரணும்னு ஒரு சொல்லாத சட்டம். உள்ரூம்புல கதை, கட்டுரை, கவிதை ரேக்கு, அங்க உக்கார எடமே கெடையாது, நின்னு படிக்கணும் இல்லன்னா எடுத்துட்டுப் போகணும். கடைசியா மூலைல ஒரு டேபிள், அதுக்கு மட்டும் புது சேர், தனி லைட்டு, தனி பேனு. அதுதான் போட்டித் தேர்வு டேபிள். குரூப் 4, குரூப் 2, போலீஸ் செலக்சன், எல்லாம் அங்க.

பேப்பர் டேபிள் எப்ப நெறையும்னு பாத்தாலே ஊரு நெலவரம் தெரிஞ்சிரும். வெசப்படகு கடலுக்குப் போற அன்னைக்கு பெருசுங்க மட்டும் இருப்பாங்க. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம் வருதுல்ல, அப்ப போயி பாருங்க, ஒரு பேப்பர நாலு பேரு பிச்சு ஆளுக்கொரு தாளா வச்சுப் படிச்சிட்டு இருப்பாங்க. எங்க அப்பாவும் வருவாரு. அவரு விளையாட்டுப் பக்கத்த மொதல்ல முடிச்சிட்டு, அப்புறம் இலங்கை கடற்படை புடிச்ச படகு எத்தன, யாரு படகுன்னு தேடுவாரு. ஒரு தடவ அதே டேபிள்ல, அவருக்கு எதுத்தாப்ல, நானும் போயி உக்காந்துட்டேன். அவரு நிமிந்து பாத்தாரு, ஒண்ணும் சொல்லல, கைல இருந்த சினிமாத் தாள என் பக்கம் தள்ளுனாரு. நான் அவரு கைல இருந்த மெயின் தாளத்தான் கேட்டேன். குடுத்துட்டாரு. அதுக்கப்புறம் அந்தப் பெஞ்சுல இன்னும் ரெண்டு மூணு புள்ளைங்க உக்கார ஆரம்பிச்சிருச்சுங்க, எனக்கு இதுல கொஞ்சம் பெருமைதான்.

புத்தகக் கலெக்சனுக்கு வருவோம். நேரா சொல்லிடுறேன், நீங்க லிஸ்ட்டு எழுதி எடுத்துட்டுப் போனா ஏமாந்துதான் வருவீங்க. ராம்நாட்டு புத்தகத் திருவிழாவுல பாத்தது, யூடியூப்ல யாரோ சொன்னது, இதெல்லாம் இங்க இருக்காது, இருந்தாலும் மூணு பாகத்துல ரெண்டாம் பாகம் மட்டும் இருக்கும். கலாம் ஐயா எழுதுனது மட்டும் எப்பக் கேட்டாலும் கெடைக்கும், நம்ம மாவட்டமாச்சே. ஆனா நான் படிக்கக் கத்துக்கிட்டதே கேட்டது கெடைக்காததுனாலதான்னு இப்ப தோணுது. துப்பறியும் கதை தேடிப் போயி, அது இல்லாம, கையில சிக்கினது ஏதோ ஒரு கெணறு வெட்டுற குடும்பத்துக் கதை. அட்டை இல்ல, மொத நாலு பக்கம் இல்ல, அதனால பேரும் தெரியல, எழுதுனது யாருன்னும் தெரியல. பின்னாடி ஒட்டியிருந்த தேதிச் சீட்டுல ஊதா மையில வரிசையா சீலு, கடைசி சீலு 2009. அதுக்குக் கீழ என்னோட தேதி. அவ்ளோ வருசம் ஒருத்தரும் தொடாத புத்தகத்த எடுத்துட்டுப் போறோமேன்னு ஒரு கிறுக்குச் சந்தோசம். ராத்திரி கரண்டு போயி செல்லு டார்ச்சு வெளிச்சத்துல முடிச்சேன்.

இதே மாதிரி புத்தகம் தேடுனதுலதான் இன்னொன்னும் ஆச்சு. உள்ரூம்பு ரேக்குல நாவல் பக்கத்துல எந்தப் புத்தகத்த எடுத்தாலும் ஓரத்துல யாரோ பச்ச மையில பொடி எழுத்துல எழுதி வச்சிருக்காங்க. நூலகப் புத்தகத்துல எழுதக் கூடாதுன்னு எனக்குத் தெரியும், அவருக்கும் தெரிஞ்சிருக்கும், ஆனா எழுதியிருக்காரு. "பொய்", "இந்த எடம் நல்லாருக்கு", "இவ அழுதிருக்க மாட்டா" அப்படி ரெண்டு மூணு வார்த்தைதான். வாத்தியார் திருத்துற மாதிரி இருக்காது, பக்கத்துல உக்காந்து முணுமுணுக்குற மாதிரி இருக்கும். கொஞ்ச நாள்ல நான் கதையத் தேடுறத விட்டுட்டு பச்ச மையத் தேடி புத்தகம் எடுக்க ஆரம்பிச்சேன். ஒரு நாவல்ல கடல் ஆர்ப்பரிக்குது, அலை மலை மாதிரி எழும்புதுன்னு அரைப் பக்கம் வர்ணனை, அதுக்குப் பக்கத்துல பச்ச மையில: "எல்லாக் கடலும் கத்தாது."

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு இது சொல்லவே வேணாம். எங்க ஊரு பாக்குறது பாக் விரிகுடாவ, அதான் வடகடல், பெண் கடல்னு சொல்லுவாங்க, கொளம் மாதிரி கெடக்கும். அங்கிட்டு மன்னார் வளைகுடா, தென்கடல், அது ஆண் கடல். கச்சான் காத்துல தென்கடல் கொந்தளிக்கும், வாடைக்காத்துல வடகடல் முறுக்கிக்கிட்டு நிக்கும், மத்த நாள்ல எங்க கரையில அலைச் சத்தமே கேக்காது, மோட்டார் சத்தந்தான். இது பொறந்ததுலருந்து தெரியும், ஆனா இத எழுதலாம்னு எனக்குத் தோணவே இல்ல, ஏன்னா கடல்னா அலைன்னுதான் எழுதணும்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுத்திருந்தாங்க.

அந்தப் பள்ளிக்கூடத்துக் கட்டுரை பத்தி தனியா ஒரு ரிவ்யூ எழுதலாம், ஒரு ஸ்டார்கூட குடுக்க மாட்டேன். "கடற்கரையில் ஒரு மாலைப் பொழுது" எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்ல. முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவுல ரெண்டு பொன்மொழி, நீல மையில துணைத்தலைப்பு. கைடுல இருக்குற கட்டுரையில சுண்டல் விக்கிறாங்க, பலூன் பறக்குது, செங்கதிரோன் கடல்ல மூழ்குறான். எங்க கடல் வடக்கப் பாத்த கடல், சூரியன் அந்தப் பக்கம் மூழ்காது, பனைமரத்துக்குப் பின்னாடிதான் எறங்கும். மாலைப் பொழுதுல கரையில என்ன நடக்கும்னா கருவாட்டத் திருப்பிப் போடுவாங்க, நாயி வெரட்டுவாங்க, கடல்பாசி காயிற நாத்தம் அடிக்கும், நாளைக்குக் கடலுக்குப் போக டோக்கன் உண்டா இல்லையான்னு சண்டை நடக்கும். இத அப்படியே எழுதிக் குடுத்தேன் ஒன்பதாப்புல. கருவாட்டு வரிய சிவப்பு மையில அடிச்சு "தேவையற்றது"ன்னு போட்டு வந்துச்சு. அடுத்த பரிச்சைல நானும் சுண்டல் வித்தேன், பத்துக்கு ஒன்பது போட்டாங்க.

பச்ச மை ஆளு எழுதுன அந்த ஒத்த வரியப் படிச்சதுக்கப்புறம் நான் ஒரு நீள நோட்டு வாங்குனேன், மீன் ஏலக் கணக்கு எழுதுவாங்களே அந்தச் செவப்பு அட்ட நோட்டு, எங்க கடத்தெருவுல அதுதான் மலிவு, தாளும் கனம். மொதல்ல புத்தகத்துல புடிச்ச வரியத்தான் பாத்து எழுதுனேன். அப்புறம் புடிக்காததுக்குக் காரணம் எழுதுனேன், அதுதான் கஷ்டம், "நல்லால்ல"ன்னு எழுதிட்டு ஏன்னு யோசிச்சா மண்ட காஞ்சிரும். அப்புறம் புத்தகமே இல்லாம எழுத ஆரம்பிச்சேன். அம்மா பாசி எடுக்கப் போறப்ப பாறை கிழிக்காம இருக்க வெரல்ல துணிக் கிழிசல சுத்திக்கிட்டுப் போவாங்க. வீட்டுக்கு வந்து அந்தத் துணிய ஒவ்வொரு வெரலா உருவி, அலசி, கொடியில தனித்தனியா போடுவாங்க, தூக்கி வீச மாட்டாங்க. பழைய சேலைதான, புதுசா கிழிச்சுக்கலாம்ல, ஏன் இத அலசுறாங்கன்னு ஒரு நாள் எழுத ஒக்காந்தேன். கேட்டேன். "ஊறுன துணிதான் வெரலோட நிக்கும், புதுசு வழுக்கும்"னு சொன்னாங்க. இத்தன வருசம் தெனமும் பாத்தது, எழுதப் போனப்பதான் கேக்கத் தோணுச்சு. அம்மாவுக்கு இன்னும் அந்த நோட்டு என்னன்னு தெரியாது, பி.காம் கணக்குன்னு நெனச்சுட்டு இருக்காங்க, அட்டையப் பாத்தா அப்படித்தான் இருக்கும்.

மீன்காரங்க பேச்ச அப்படியே நாவல்ல எழுதலாமான்னு ஒரு சந்தேகம் இருந்துச்சு. அது தீந்தது ஜோ டி குருஸ் எழுதுன ஆழி சூழ் உலகு கையில கெடச்சப்ப, 2004ல வந்தது. அது தூத்துக்குடி திருநெல்வேலிப் பக்கத்துக் கடல், பேச்சும் வேற, பாதி வார்த்தை எனக்கே புரியல, அப்பாகிட்டக் கேட்டா அவரு "எங்க பக்கம் இப்படி சொல்ல மாட்டோம்"னு ஆரம்பிச்சு ஒருமணி நேரம் பேசுனாரு. அதுலருந்து நான் நோட்டுல காத்து பேரு, வலை பேரு, மீன் பேரெல்லாம் அவரு சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, அந்தப் புத்தகம் எங்க நூலகத்துல இருந்தது ஆச்சரியம், ரெண்டாவது ஆச்சரியம் அதுல பச்ச மை ஒரு எடத்துலகூட இல்ல.

வாசகர் வட்டம்னு ஒண்ணு இருக்கு, பேப்பர் அளவுல எல்லா நூலகத்துலயும் இருக்கும், எங்க ஊர்ல எப்பவாவது கூடும். ரிட்டயர்டு சார் ஒருத்தர், தபால் ஆபீஸ் மாமா ஒருத்தர், டீக்கடை அண்ணன், அக்கா, நான், அவ்ளோதான். பேசுறது பாதி நேரம் புத்தகம், பாதி நேரம் பென்சன். அங்க ஒரு தடவ அந்தத் துணிக் கிழிசல் எழுதுனத வாசிச்சேன். சார் "நல்லாருக்கும்மா, கடைசில ஒரு கருத்து சொல்லி முடிச்சிருக்கலாம்"னாரு. டீக்கடை அண்ணன் "சார், அந்தத் துணி காயிறதுதான சார் கருத்து"ன்னாரு. ரெண்டு பேரும் அப்புறம் இதையே வச்சு ரொம்ப நேரம் வாக்குவாதம், நான் எழுதுனத வச்சு ரெண்டு பெரிய மனுசங்க சண்டை போடுறத அன்னைக்குத்தான் பாத்தேன். நவம்பர் 14லருந்து 20 வரைக்கும் நூலக வாரம்னு கொண்டாடுவாங்க, அதுல கட்டுரைப் போட்டி உண்டு, தலைப்பு எப்பவும் "நூலகத்தின் பயன்கள்", பரிசு ஒரு புத்தகம் இல்லன்னா டிபன் பாக்ஸு. சுண்டல் கட்டுரைக்குத்தான் பரிசு விழும், எதிர்பார்ப்பு வச்சுக்காதீங்க.

இத எல்லாம் இலவசமா குடுக்குறாங்கன்னு நெனைக்காதீங்க, காசு நம்மதுதான். வீட்டு வரி ரசீத எடுத்துப் பாருங்க, நூலக வரின்னு ஒரு வரி இருக்கும், சொத்து வரியில நூத்துக்குப் பத்து. மெட்ராஸ் மாகாணத்துல 1948ல வந்த பொது நூலகச் சட்டத்துலருந்து வர்றது அது, அதுக்குப் பின்னாடி ஒழைச்சவரு சீர்காழி ரங்கநாதன். அதுக்கு முந்தி நம்ம பக்கம் படிக்கணும்னா யாரு வீட்டுல புத்தகம் இருக்குன்னு பாத்து அங்க போயி நிக்கணும். கலாம் ஐயாவே எழுதியிருக்காருல்ல, ராமேஸ்வரத்துல எஸ்.டி.ஆர். மாணிக்கம்னு ஒருத்தர் வீட்டுல புத்தகம் நெறைய இருந்துச்சு, அங்க போயி வாங்கிப் படிப்பேன்னு. யுத்த காலத்துல ரயில் நிக்காம போக, ஓடுற ரயில்லருந்து பேப்பர் கட்டத் தூக்கிப் போடுவாங்க, கலாம் ஐயா அதப் பொறுக்கி வீடு வீடா போட்டாரு. ஊருல மாணிக்கம் மாதிரி ஒருத்தர் இருந்தா அதிர்ஷ்டம், இல்லன்னா இல்ல, அந்தக் கதைதான் இருந்துருக்கும். இப்ப எங்க அம்மா பாசி எடுத்த காசுல கட்டுற வரியில பத்துல ஒரு பங்கு நான் படிக்கிறதுக்குப் போகுது, அதனால கொறை சொல்ல எனக்கு உரிமை இருக்கு.

கொறை ஒண்ணு, கண்ணாடி பீரோ. நன்கொடையா வந்த நல்ல நல்ல புத்தகமெல்லாம் அதுக்குள்ள, பூட்டு தொங்குது, சாவி கேட்டா "அது ஸ்டாக் எடுக்கணும் தாயி, அப்புறம் பாப்போம்"னு அக்கா சங்கடப்படுவாங்க. காணாம போனா அவுக கைக்காசுதான்னு பயம், அது நியாயம், ஆனா ரங்கநாதன் 1931ல நூலகத்துக்குன்னு எழுதுன அஞ்சு விதியில மொத விதியே புத்தகம் பயன்படுத்தத்தான்னு சொல்லுது. கண்ணாடி வழியா முதுகு மட்டும் பாத்தே அதுல இருக்குற தலைப்பெல்லாம் எனக்கு மனப்பாடம்.

இன்னொன்னு, நம்ம ஊரப் பத்தி படிக்க நம்ம ஊரு நூலகத்துல ஒண்ணுமே இல்ல. 1964 டிசம்பர் புயல், தனுஷ்கோடி, அதப் பத்தி தேடுனேன், சுற்றுலா கைடுல ரெண்டு பத்தி இருந்துச்சு, அவ்ளோதான். இந்தச் சீமைய ஆண்ட சேதுபதிகள் பத்தி எஸ்.எம். கமால் ஐயா ராம்நாட்டுலயே இருந்து எவ்ளோ எழுதியிருக்காரு, ஒண்ணுகூட ரேக்குல கெடைக்கல. விவேகானந்தர் 1897ல பாம்பன்ல வந்து எறங்குனாருன்னு எல்லாப் பேச்சுப்போட்டிக்கும் மனப்பாடம் பண்ணுவோம், அப்ப பாம்பன் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா தெரியாது. புயல் பத்தி கடைசில பேப்பர் டேபிள் பெருசுங்ககிட்டதான் கேட்டு எழுதுனேன். ஒருத்தரு சொன்னதும் இன்னொருத்தரு சொன்னதும் ஒத்து வரல, ரெண்டையும் அப்படியே எழுதி வச்சிருக்கேன். ஒரே ஒரு தட்டு ஒதுக்கி "நம்ம ஊரு"ன்னு ஒரு பேரு எழுதி ஒட்டுனா போதும், அதுக்குப் பெரிய பணமெல்லாம் வேணாம்.

மூணாவது கொறை எழுதவே எரிச்சலா இருக்கு, கக்கூஸ் கெடையாது. ஆம்பளைங்க சுவத்தோரம் போயிக்குவாங்க, நாங்க வீட்டுக்கு ஓடணும். நாள் பூராம் உக்காந்து படிக்கிற புள்ளைங்க தண்ணியே குடிக்காம உக்காந்திருக்குதுங்க. புது சேர், தனி லைட்டு வாங்கத் தெரிஞ்சவங்களுக்கு இது ஏன் தெரியலன்னு புரியல. சாயங்காலம் மூடுற நேரத்துக்கு வெளிய தெருலைட்டும் எரியாது, அதனால இருட்டுறதுக்கு முன்னாடியே பொம்பளப் புள்ளைங்க கெளம்பிரும், கணக்குப் பாத்தா எங்களுக்குக் கெடைக்கிற நேரம் ஆம்பளைங்களுக்குக் கெடைக்கிறதுல பாதிதான்.

அப்புறம் அந்த மூலை டேபிள். நான் காலேஜ் சேந்ததுலருந்து பாக்குறவங்க எல்லாம் "இனி அங்க உக்காரு புள்ள"ன்னு சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க. என் கூட பாயில உக்காந்து படக்கதை படிச்ச ரெண்டு பேரு இப்ப அங்கதான் இருக்காங்க, ஒருத்தி வருசையா அரசியலமைப்பு ஷரத்து ஒப்பிப்பா, ஒருத்தன் கணக்கு போடுவான். அவங்களக் கொறை சொல்ல மாட்டேன், வீட்டுல ஒரு கவர்மெண்ட் வேலை வந்தா அப்பா கடலுக்குப் போக வேணாம், இது எனக்கும் தெரியும், நானும் குரூப் 4க்கு அப்ளை பண்ணிருக்கேன். ஆனா அந்த டேபிள் மெதுவா பரவுது. மொதல்ல ஒரு மூலை, அப்புறம் பாயி விரிச்ச எடத்துல பாதி, இப்ப பேப்பர் டேபிள்லயும் காலைல கைடு விரிச்சிருக்கு. கதை ரேக்க நகத்தி எடம் பண்ணப் போறதா பேச்சு. படிக்கிறதுன்னாலே ஏதோ ஒண்ணுக்காகப் படிக்கிறதுன்னு ஆயிருச்சு. வளந்துட்டா சும்மா படிக்கக் கூடாதான்னு நான் அக்காகிட்டக் கேட்டேன். அக்கா சீல் குத்திக்கிட்டே "நான் ரெண்டும்தான் படிச்சேன், பரிச்சைக்குப் படிச்சதுல சம்பளம் வருது, இன்னொன்னுல பொழுது போகுது"ன்னாங்க. நான் இப்ப அந்த டேபிள்ல உக்காந்து கைடுக்கு அடியில நாவல வச்சுப் படிக்கிறேன், வீட்டுல செஞ்சத இங்கயும் செய்ய வேண்டியதாப் போச்சு.

மதுரைல 2023ல தொறந்த கலைஞர் நூலகத்துக்கும் காலேஜ்ல கூட்டிட்டுப் போனாங்க. ஏசி, லிப்டு, கண்ணாடி, வாயப் பொளந்து பாத்தேன், கக்கூஸ் பளபளன்னு இருந்துச்சு. ஆனா பஸ்ல போயி வரவே ஒரு நாள் ஆயிரும், எங்க ஊரு பேப்பர் டேபிளுக்கு அது பதிலாகாது. செல்லுல பிடிஎப் படிக்கலாமேன்னு என் தம்பி சொல்லுவான், அவனே படிச்சு நான் பாத்ததில்ல.

கடைசியா ஸ்டார். அஞ்சுக்கு மூணே முக்கால். அக்காவுக்கு அஞ்சு, புத்தகத்துக்கு மூணு, கட்டடத்துக்கு ரெண்டு, கக்கூஸுக்கு பூஜ்யம், எப்படி மூணே முக்கால் வந்துச்சுன்னு பி.காம்காரிகிட்டக் கேக்காதீங்க. கால் ஸ்டார் பச்ச மைக்கு.

சேரப் போறவங்களுக்கு: ஆதார் நகலும் போட்டோவும் கையோட கொண்டு போங்க, பக்கத்துல ஜெராக்ஸ் கடை கெடையாது, பஸ் ஸ்டாண்டு வரை திரும்பி வரணும். டெபாசிட்டு ரொம்பக் கம்மி, சில்லறையா வச்சுக்கங்க, கூகுள் பே எடுக்காது. வெள்ளிக்கிழமையும் ரெண்டாவது சனிக்கிழமையும் போயிராதீங்க. நாவல் வேணும்னா உள்ரூம்புல ஜன்னல் பக்கத்து ரேக்கு, மூணாவது தட்டுலருந்து பாருங்க, கீழ்த்தட்டுல கரையான் மருந்து போட்டுருக்கு, கை வைக்காதீங்க.